சுறாப்புட்டும் நாற்பத்திரண்டு படிகளும்

சேஃப்டி பெல்ட்டின் இடது தோள்வாரில் விரல் நீளத்துக்கு ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கும். தயாரித்த வருடம், துவைக்கும் முறை, கடைசி வரியில் ‘நூறு கிலோ வரை’. பதினோரு வருடமாக அந்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிரேன் ஏறிய விக்டோரியா ஒருநாளும் அதைப் படித்ததில்லை. போன ஆகஸ்டில் துளசிராமன் படித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பி ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்து அவருக்கு அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை ஒருமுறையும் விக்டோரியாவை ஒருமுறையும் பார்த்தார்.

“உன் வெயிட்டு எவ்ளோம்மா?”

“நூத்தி இருவத்தொண்ணு சார்.”

பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு லோகு சொன்னான். அவன் தரையில் நின்று கம்பிக்கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டி, கிரேனுக்குக் கை காட்டுகிறவன். “எண்பத்தஞ்சுன்னு அடிச்சு உட்ருக்கணும்க்கா.” விக்டோரியா அவனைப் பார்த்த பார்வையில் அவனே சிரித்துவிட்டான். அவளை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் எண்பத்தைந்து தெரியாது.

துளசிராமன் திட்டவில்லை, நக்கல் செய்யவில்லை. “பெல்ட்டு தாங்காதும்மா, விழுந்தா நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது” என்றார். சண்டை போடவே இடமில்லாமல் போய்விட்டது. அன்று மத்தியானமே அவளை மூன்றாம் நம்பர் கிரேனிலிருந்து இறக்கி, வாசல் பக்கத்தில் லாரிகளை எடைபோடும் அறையில் உட்காரவைத்தார்கள்.

மூன்றாம் நம்பர் கிரேனின் கூண்டு தரையிலிருந்து நாற்பத்திரண்டு படி உயரத்தில் தொங்குகிறது. செங்குத்தான இரும்பு ஏணி, சுற்றிலும் வளையங்கள், பாதி வழியில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு தட்டு. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உலையின் இரைச்சல் தூரத்து மழைபோல ஆகிவிடும். காலடியில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் ஷெட்டின் மறுகோடி வரை பழுத்த இரும்புகள் வரிசையாக நகர்ந்துபோவது தெரியும். யாரோ ஒருவர் மிகப் பெரிய இருட்டில் ஒவ்வொரு அகல் விளக்காகக் கையில் ஏந்திக் கடந்துபோகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தரையில் இருக்கும்போது எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். மீஞ்சூர் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் மூன்று பேர் சீட்டில் அவள் உட்காரும்போது பார்ப்பார்கள், பந்தியில் இலை முன்னால் பார்ப்பார்கள், சர்ச்சில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூடப் பார்ப்பார்கள். கூண்டில் ஏறிவிட்டால் அவள் எல்லாரையும் பார்ப்பாள். அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவள் தன் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுக்கச் சம்மதித்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள், மூன்று நாள் படுக்கை. முதலில் தெளிந்த சூப், பிறகு மசித்த கூழ், பிறகு மென்மையாக வெந்தது எல்லாம் என்று உணவு ஆலோசகர் காயத்ரி வாரவாரியாக ஒரு சார்ட் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாதத்தில் விக்டோரியா எடைமேடை அறைக்குத் திரும்பிவிட்டாள். மார்ச் வந்தபோது தொண்ணூற்று மூன்று கிலோ. பெல்ட் தாங்கும்.

ஒன்றை மட்டும் அவள் காயத்ரியிடம் சொல்லவில்லை. டிசம்பரில், ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்று, அவள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். நல்லபடியாகப் பிழைத்து எழுந்தால் தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை மூன்றையும் தொடுவதில்லை என்று. அவர்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த நாற்பது நாளும் சுத்தபோசனம்தான், அதனால் அது காயத்ரியிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் எந்த வாரம் வந்ததோ, அதே வாரம்தான் சார்ட்டில் ‘முட்டை, மீன் தொடங்கலாம்’ என்று எழுதியிருந்தது. அவள் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

மார்ச் பதினான்காம் தேதி சனிக்கிழமை துளசிராமன் அவளை ஏணியடிக்குக் கூப்பிட்டார். விதி எளிமையானது. ஒருமுறை ஏறி, ஒரு சுமையைத் தூக்கி வைத்து, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்குகிற ஆபரேட்டர்கள் எல்லாரும் தினமும் செய்கிற வேலைதான். ஏப்ரல் முதல் தேதி மூன்றாம் நம்பர் கிரேனுக்கு ஆளை நிரந்தரமாக எழுதியாக வேண்டும். எட்டு மாதமாகத் தற்காலிகமாக அதை ஓட்டுகிற பார்த்திபன் பெயரை எழுதுவதா, விக்டோரியா பெயரை எழுதுவதா என்பதுதான் கேள்வி.

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். பத்தாவது படியில் சிரிப்பு நின்றது. பதினைந்தாவது படியில் தொடைகள் இரண்டும் யாருடையவோ போல ஆயின. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, பயமும் இல்லை. காலைத் தூக்கு என்றால் கால் தூக்கவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பதாவது படியில் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாதித் தட்டுக்கு இன்னும் இரண்டு படி இருந்தது.

“யக்கா, தட்டு கைக்கெட்ற தூரம்தான். புடி” என்று கீழேயிருந்து லோகு கத்தினான்.

ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினாள். துளசிராமன் தாளில் எதையும் எழுதாமல் பேனாவை மூடினார்.

“இருவத்தேழாந்தேதி வெள்ளிக்கிழமை மறுபடியும் வா. அதுக்கு மேல என்னால தள்ள முடியாதும்மா.”

*

அன்று சாயங்காலம் மீஞ்சூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவள் மூன்று இடத்தில் நின்றாள். வீட்டில் பென்னி டீ போட்டு வைத்திருந்தான். அவள் கணவன் பென்னி, அத்திப்பட்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏணியைப் பற்றிக் கேட்கவில்லை.

“நாஷ்டா கொஞ்சம் துன்றியா?”

“வோணாம். பசிக்கல.”

“உனக்கு எப்பதான் பசிக்குது?”

“அந்தப் பைய வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்களே, அதுலதான் பசி இருந்துச்சாம். டாக்டர் சொன்னாரு.”

“அப்ப ஏணி ஏற்றதும் அதுலயே இருந்துச்சோ இன்னாவோ” என்றான் பென்னி. சொன்னபிறகு தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளைப் பார்த்தான். அவள் டீயை வாங்காமல் போனை எடுத்துக் காயத்ரிக்குப் போட்டாள்.

காயத்ரி ஏணிக் கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “நேத்து காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க. வாயில போட்டது எல்லாம்.”

“ஏழு மணிக்கு கேவுரு கூழு ஒரு டம்ளரு மேடம். பத்து மணிக்கு மோரு. மதியானம் ரசஞ்சோறு, நல்லா மசிச்சு, அஞ்சு ஸ்பூனு. நாலு மணிக்கு எளநி. அப்பறம் ஏழு மணிக்கு ஒரு இட்லி, பால்ல ஊற வெச்சு.”

“முட்டை?”

விக்டோரியா பென்னியைப் பார்த்தாள். பென்னி மேலே சுவரைப் பார்த்தான்.

“மேடம், இது எங்களுக்குத் தவக்காலம்.”

மறுபக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “எத்தனை நாளா?”

“சாம்பல் புதன்லேந்து. மாசமாவப் போவுது.”

“முடி கொட்டுதா?”

“சீப்பு ரொம்பி வருது.”

“உக்காந்து எழுந்தா கண்ணு இருட்டுதா?”

“இருட்டுது. ஆபரேஷன் பண்ணா அப்டிதான் இருக்கும்னு நெனச்சுக்கினேன். ஆனா கிலோ நல்லா எறங்குது மேடம். தொண்ணூத்தி மூணு.”

“எறங்குறது எல்லாமே கொழுப்பு இல்ல விக்டோரியா. அதுல சதையும் போகுது. ஏணியில உங்களைத் தூக்குறது அந்தச் சதைதான்.”

“மாதாவுக்கு நேந்துக்கினு இருக்கேன் மேடம்.”

“நேர்ச்சையை விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் காயத்ரி. “முட்டை, மீன் இல்லாமலும் வழி இருக்கு. பன்னீர், சோயா, பருப்பு, தயிர், பவுடர். எது சாப்பிடறீங்கன்றது உங்க இஷ்டம். ஆனா ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் உள்ள போயே ஆகணும். இப்ப உங்க வயித்துல இருக்கறது ஒரு சின்ன அறை. அதுல கூழையும் எளநியையும் வந்து உக்கார வெச்சுட்டீங்க. இனிமே தட்டுல முதல்ல புரதம். சோறு கடைசியில, இடம் இருந்தா. சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்க. ஒவ்வொரு வாயும் நல்லா மென்னு, இருபது நிமிஷமாவது உக்காந்து சாப்பிடுங்க. மாத்திரையெல்லாம் போடறீங்கதானே?”

“அதெல்லாம் போட்டுக்கினுதான் இருக்கேன்.”

“நாளைக்கு ரத்தம் கொடுத்துடுங்க, ஒருமுறை பார்த்துக்கலாம். ரெண்டு வாரம் போதும் விக்டோரியா. ஏறிடலாம்.”

போனை வைத்ததும் பென்னி சொன்னான்: “ஃபாதர ஒரு வார்த்த கேட்டுர்லாம். ஒடம்பு முடியாதவங்களுக்கு இதெல்லாம் கெடையாதுன்னு அவரே போன வாரம் பூசையில சொன்னாரு.”

“நான் ஒடம்பு முடியாதவ இல்ல.”

“சரி. நீ பயில்வான்.”

“ஃபாதரா வந்து ஏணி ஏறப்போறாரு? நானே பாத்துக்கறேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பென்னி மீன் குழம்பு வைத்தான். அவனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஒருசந்தி நோன்பு. வழக்கமாக அவள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டுவிடுவான். அன்று அவள் வேண்டுமென்றே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னா, டெஸ்ட்டா?” என்றான்.

“நீ துன்னு. நான் சொம்மா பாக்கறேன்.”

அவன் கிழங்கான் மீனை முள்ளிலிருந்து பிரித்துக் குழம்பில் புரட்டி வாயில் வைத்துக்கொண்டான். விக்டோரியா பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் நேர்ந்துகொண்டபோது அவள் நினைத்தது இந்தக் குழம்பைத்தான். மீன் இல்லாமல் நாற்பது நாளா என்று மாதா சிலை இருக்கும் கெபியின் முன்னால் நின்று உண்மையாகவே கண் கலங்கியிருந்தாள். இப்போது எதுவும் இல்லை. வாயில் எச்சில் ஊறவில்லை. எதிரில் இருந்தது குழம்பு, ஒரு சட்டி, ஒரு மனுஷன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு ரயில் போவதைப் பார்ப்பதுபோல அவளால் அதைப் பார்க்க முடிந்தது.

எழுந்து அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து எடை மிஷினைக் காலால் இழுத்து ஏறி நின்றாள். அன்றைக்கு அது மூன்றாவது முறை.

“பூசைக்கு முன்னாடி ஒருவாட்டி, வந்த ஒடனே ஒருவாட்டி, இப்ப ஒருவாட்டி” என்றான் பென்னி, கை கழுவிக்கொண்டே. “அத்த விட்டு எறங்கு விக்கி. நீ லாரியாட்டம் ஏறி ஏறி நிக்கற.”

அவள் இறங்கவில்லை. சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொண்ணூற்று இரண்டு புள்ளி எட்டு. காலையில் தொண்ணூற்று மூன்று. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வயிற்றுக்குள் ஒரு இனிப்பு ஓடியது. மில்லில் எல்லாரும் கேட்பார்கள், “இன்னிக்கி எவ்ளோக்கா?” என்று. அவள் சொல்வாள். ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு ஒரு சின்ன எண் வேண்டியிருந்தது. அந்த எண்ணுக்காகத்தான் அவள் முட்டையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிருந்தாள். மாதாவுக்காக மட்டும் இல்லை. நின்றுகொண்டிருந்த இடத்திலேயே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் ஜெபமாலைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் கெபிக்குத் தனியாகப் போனாள். மெழுகுவத்தி ஏற்றும் தகரத் தட்டின் பக்கத்தில் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்விட்டே பேசினாள்.

“மாதாவே, தப்பா நேந்துக்கினேன். எனக்கு மீன் மேல ஆசயே இல்ல இப்ப. ஆச இல்லாதத விட்டுட்டு உனுக்குக் குடுத்தேன்னு சொல்லிக்கினு இருக்கேன். அது வோணாம். அந்த மிஷின விட்டுர்றேன். ஈஸ்டர் வரைக்கும் நம்பர பாக்க மாட்டேன். அது கஷ்டம். நெஜமாவே கஷ்டம், உனுக்கே தெரியும்.”

மாதா நீலப் புடவையில் வழக்கம்போல நின்றாள். விக்டோரியா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். எடை மிஷினைப் பழைய நைட்டியில் சுற்றி, பென்னியின் ஒர்க்‌ஷாப் பையில் திணித்தாள்.

“மாதா இன்னா சொன்னாங்க?” என்றான் அவன்.

“ஒண்ணும் சொல்லல. நீ நாளைக்கி காலைல மார்க்கெட்டுக்குப் போயி பால் சுறா வாங்கியா.”

“பால் சுறாவா? அது புள்ள பெத்தவளுக்குல்ல வாங்குவாங்க.”

“நானும் இப்பதான் எழுந்து உக்கார்றேன். வாங்கியா.”

*

சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டு, எண்ணெய் குறைவாகப் பென்னி புட்டு செய்தான். அவள் சின்ன ஸ்பூனால் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மென்றாள். ருசி உடனே வரவில்லை. எட்டாவது, ஒன்பதாவது மெல்லலில், நாக்கின் ஓரத்தில் பூண்டும் மிளகும் தெரிந்தன, அதற்குப் பின்னால் கடல். பத்து வருடம் இதை வாரி வாரிச் சாப்பிட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் ருசி வருவதற்கு முன்னாலேயே அடுத்த கவளம் வந்துவிடும். நான்கு ஸ்பூனில் போதும் என்றது வயிறு. நான்கு ஸ்பூனுக்கு அவள் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. காலையில் இரண்டு முட்டை வெள்ளையும் ஒரு மஞ்சளும், பத்து மணிக்குத் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், மத்தியானம் சுறாப்புட்டோ கிழங்கானோ, நாலு மணிக்கு வேகவைத்த பயறு. தட்டின் ஓரத்தில் சோறு ஒரு ஸ்பூன், சில நாள் அதுவும் மிச்சமாகும். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவாள். கை தானாகப் போய்விடும், அதற்காக.

முதல் வாரம் புதன்கிழமை ஒரு பிசகு நடந்தது. எடைமேடையில் மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற ஆந்திரா லாரிக்காரர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவில்லை. அவள் வாயிலிருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு ஓடினாள். நெஞ்சுக்குள் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டதுபோல ஆகி, எடைச்சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்:

“நைனா, நாளைலேந்து ஒரு மணிக்கு நீ வந்தேன்னா இருவது நிமிஷம் நிக்கணும். நான் துன்னுக்கினு இருப்பேன்.”

“அம்மோ, இருவது நிமிஷம் இன்னா துன்னுவ? ஆடா?” என்றார் அவர்.

“மீனு. நாலே நாலு ஸ்பூனு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் மறுநாள் ஒன்று இருபதுக்கு வந்தார்.

எண் இல்லாமல் இருப்பதுதான் பேஜாராக இருந்தது. ஆறாவது நாள் ஜாக்கெட் கை கொஞ்சம் இறுக்கியது. சதை வைக்கிறதா, மறுபடியும் கொழுப்பா என்று தெரியவில்லை. மத்தியான வெயிலில் யாரும் இல்லாதபோது லாரி எடைமேடையின் விளிம்பு வரை போனாள். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அவள் ஏறினால் தொண்ணூறு என்று சொல்லும், இல்லாவிட்டால் நூறு என்று சொல்லும். இரும்புப் பாளம் ஏற்றிய லாரிக்கு அது போதும். இதற்கா நேர்ச்சையை உடைப்பது என்று சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அறைக்குள் போய் ஃபேனைக் கூட்டிவைத்தாள்.

மேம்பாலத்தில் அவள் நின்ற இடங்கள் மூன்றிலிருந்து இரண்டாகி, பிறகு ஒன்றாயின. இருபத்து நான்காம் தேதி, பின்னால் வந்த பெண்ணோடு கேஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறி, பேசிக்கொண்டே இறங்கி, டிக்கெட் கவுண்டர் வரை வந்தபிறகுதான் நிற்கவேயில்லை என்று தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் பென்னியிடம், “பசிக்குது” என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் முதல்முறையாகச் சொன்னாள். அவன் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏணியடியில் துளசிராமன் ஒரு சின்ன எடை மிஷினைத் தரையில் வைத்தார். படிவத்தில் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது.

“சார், நம்பர வாயால சொல்லாதீங்க. எழுதிக்கோங்க. நான் ஈஸ்டருக்கு அப்பறம் கேட்டுக்கறேன்.”

“ஏம்மா?”

“வேண்டுதல்.”

அவர் விசித்திரமான வேண்டுதல்களைப் பார்த்துப் பழகியவர்போலத் தலையை ஆட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறி நின்று இறங்கினாள். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பெல்ட்ட மாட்டும்மா.”

முதல் ஏற்றத்தில் பாதித் தட்டில் ஒருமுறை நின்றாள், மூச்சை ஒழுங்கு செய்ய மட்டும். நாற்பத்திரண்டாவது படியில் கூண்டுக் கதவை உள்ளேயிருந்து பார்த்திபன் திறந்துவிட்டான். “வாங்கக்கா. பிரேக் லேசா இழுக்குது, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். அவனுக்கு ஐந்தாம் நம்பர் கிரேன் என்று முன்னாலேயே பேச்சிருந்தது, ஆனாலும் மூன்றாம் நம்பரில் காற்று நன்றாக வரும். அது அவன் முகத்தில் தெரிந்தது. லோகு கீழேயிருந்து கையைக் காட்ட, அவள் ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கி, ஷெட்டின் குறுக்கே கொண்டுபோய், ஆட்டமில்லாமல் இறக்கினாள். கைகளுக்கு எதுவும் மறந்துபோயிருக்கவில்லை.

கீழே இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். பார்த்திபனும் பின்னாலேயே இறங்கி வந்தான். உலைப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

“சூட்டோட சூடா இன்னொருவாட்டி ஏறிடுக்கா” என்றான் லோகு. “உக்காந்தா காலு புடிச்சுக்கும். சார் கையெழுத்துப் போட்டுருவாரு, முடிஞ்சுது.”

ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தத் துடிப்புக்கு அடியில், தொடையின் உள்பக்கம், பதின்மூன்று நாளுக்கு முன்னால் பதினைந்தாவது படியில் தெரிந்த வெறுமை லேசாக ஆரம்பித்திருந்தது. அது ஏன் வருகிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

“சார், சாப்பாட்டுக்கு அப்பறம்தான ரெண்டாவது ஏறணும்?”

“ரூல்படி அப்படித்தான். ஆனா நீ இப்பவே ஏறினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“எனக்கு இருவது நிமிஷம் வோணும் சார்.”

பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, ஏணிக்கு எதிரில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். பூண்டும் சுறாவுமாக வாசனை பரவியது. லோகு இரண்டடி பின்னால் போனான்.

“யக்கா, இன்னிக்கி வெள்ளிக்கெழம. எங்களுக்கே கவுச்சி ஆவாது. உங்களுக்கு வேற நோன்பு காலம். நீ இன்னா எல்லா சாமியையும் ஒரே நேரத்துல சண்டைக்கி இழுக்கற?”

“எல்லாரு கிட்டயும் பேசிட்டேன். நீ போயி கம்பிய அடுக்கு.”

“வாசன இழுக்குதுக்கா. அதான் பேஜாரு.”

“நாளைக்கி உனக்கும் கொண்டாறேன். நாலு ஸ்பூனு.”

சிரிப்பு எழுந்தது. யாரும் போகவில்லை. அவள் ஒரு ஸ்பூன் எடுத்து மெல்லத் தொடங்கினாள். எட்டு ஆண்கள் நின்று ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்க்கிறார்கள். பந்தியில் இப்படிப் பார்த்தால் அவள் பாதி இலையோடு எழுந்துவிடுவாள், அல்லது இன்னும் வேகமாக அள்ளிப்போட்டுக்கொள்வாள். இன்று இரண்டும் செய்யவில்லை. நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே மென்றாள். உலைக்காரர் குணா மாமாவுக்கு மீசையில் நரை அதிகமாகியிருந்தது. பார்த்திபன் ஷூ நாடாவைக் கட்டாமல் நின்றிருந்தான், அவனிடம் அதைச் சொல்ல வேண்டும். துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரும் ஒரு கட்டையில் உட்கார்ந்தார்.

நான்கு ஸ்பூன் முடிந்தது. ஐந்தாவதும் இறங்கியது. டப்பாவை மூடினாள். லோகு அன்போடு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினான்.

“அரை மணி கழிச்சு” என்றாள். “பாட்டில மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். அங்க குடிச்சுக்கறேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து பெல்ட்டை இறுக்கினாள்.

இந்தமுறை அவசரமாகவும் ஏறவில்லை, மெதுவாகவும் ஏறவில்லை. பாதித் தட்டில் நிற்கவில்லை. முப்பதாவது படியில் வேர்வை கண்ணில் இறங்கியது, தோளால் துடைத்துக்கொண்டாள். தொடைகள் எரிந்தன, ஆனால் அவை அவளுடைய தொடைகளாக இருந்தன. சொன்னதைக் கேட்டன. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரைச்சல் அடங்கியது. பார்த்திபனின் உயரத்துக்குத் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்தாள். பழைய இடத்துக்கு வந்தபிறகும் நெம்புகோலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை அகலம் மிச்சமிருந்தது. அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீட்டை இன்னும் ஒரு துளை முன்னால் நகர்த்தினாள்.

வாக்கிடாக்கியில் துளசிராமனின் குரல் கரகரத்தது. “முடிஞ்சுதும்மா. உன் பேர எழுதிட்டேன். எறங்கி வா.”

“எறங்கறதுக்கா சார் ஏறுனேன்? சாய்ங்காலம் வரைக்கும் வேல கெடக்குது” என்றாள் விக்டோரியா. “எடைமேடைக்கி வேற ஆள அனுப்புங்க. லோகு, அடுத்த கட்டுக்குச் சங்கிலிய மாட்டு.”